பதிவுத் தபாலில் வந்த கோபம்

பிப்ரவரி 27, திங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

நீங்கள் எங்கள் வார்டிலிருந்து வீடு திரும்பி ஒரு மாதம் ஆகிறது. உங்களை நினைத்துக்கொண்டோம். நாட்கள் உங்களுக்குக் கொஞ்சமாவது இலகுவாகப் போகட்டும். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

எந்த நேரத்திலும் எங்களைக் கூப்பிடலாம். எண் கீழே இருக்கிறது.

இப்படிக்கு,
நான்காம் வார்டு

*

மார்ச் 4, சனி

நான்காம் வார்டில் உட்கார்ந்து கடிதம் எழுதும் ஐயாவோ அம்மாவோ, யாராக இருந்தாலும் அவருக்கு,

உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கிறதா என்று கேட்டுத்தான் இதை ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும் என்று போடமாட்டேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருட சர்வீஸ். உங்கள் வார்டில் பத்து நாள் கிடந்ததை கம்பெனியில் வயிற்றுப் புண் என்று சொல்லி வைத்திருந்தேன். மகளிடம், வெளியூரில் புது லிஃப்ட் மாட்டப் போனேன் என்றேன். அவளும் மாப்பிள்ளையும் நான் இருக்கும் கட்டடத்திலேயே மேல்மாடி. தபால் பெட்டி இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். அதனால்தான் உங்கள் ஆட்கள் முகவரி கேட்டபோது ஒர்க்‌ஷாப் முகவரியைக் கொடுத்தேன்.

இன்று அரை நாள் வேலை. கிளம்பும்போது என் சாவிக் கொத்தை ஒப்படைக்க ஸ்டோர் கவுன்டருக்குப் போனேன். ஸ்டோர் கீப்பர், நாங்கள் சோடாபுட்டி என்று கூப்பிடுவோம், அவர் உங்கள் கவரை எடுத்து நீட்டினார். கவரின் முதுகில் ஊதா மையில் கொட்டை எழுத்தில் முத்திரை: மனநலப் பிரிவு, நான்காம் வார்டு. பக்கத்தில் நான்கு பேர் நின்றார்கள். நான்கு பேருக்கும் படிக்கத் தெரியும்.

அந்த நான்கு பேரில், பத்து வருடமாக என் நாற்காலியை இழுத்து என்னைக் கீழே தள்ளப் பார்க்கும் ஒருவன், இன்று எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன அவமானம் வேண்டும்? 'உங்களை நினைத்துக்கொண்டோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். நினைத்த லட்சணம் இதுதானா?

இப்போது மணி இரண்டு. தபால் நிலையம் மூடியாகிவிட்டது. திங்கள் காலை முதல் வேலையாக இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கவேண்டும். கிடைக்கவில்லை என்று யாரும் கதை விடக்கூடாது.

லிஃப்ட் மெக்கானிக்

*

மார்ச் 10, வெள்ளி

மதிப்பிற்குரிய ஐயா,

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். எழுதியது அம்மாதான். ஐயா இல்லை.

தப்பு முழுக்க என்னுடையது. நான் இந்த வார்டின் எழுத்தர். பதினோரு வருடமாக என் கையில் வரும் எந்தக் காகிதமும் முத்திரை வாங்காமல் போனதில்லை. சாப்பாட்டுச் சீட்டு, படுக்கை விரிப்புக் கணக்கு, எதுவானாலும் எழுதி முடித்ததும் கை தானாக முத்திரைக்குப் போகும். கடிதத்தை மடித்தேன், கவரை ஒட்டினேன், குத்தினேன். யோசிக்கவே இல்லை. உங்களுக்கு முன்னால் நாற்பது கவர்கள் அப்படிப் போய்விட்டன. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

மிச்சக் கவர்களை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, கடையில் வெற்றுக் கவர் வாங்கினேன். முத்திரையை மேசை இழுப்பறையில் பூட்டி, சாவியைத் தலைமை நர்ஸிடம் கொடுத்துவிட்டேன். இப்போது சாப்பாட்டுச் சீட்டுக்கு முத்திரை வேண்டும் என்றாலும் அவரிடம்தான் கெஞ்சவேண்டும்.

உங்கள் கடிதத்தை எங்கள் டாக்டரிடம் காட்டினேன். வேலை போகும் என்று நினைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு, "இது வரைக்கும் வந்த முதல் பதில் இதுதாம்மா. நல்லாத் திட்டியிருக்கார். திட்டுறதுக்குத் தெம்பு வேணும்"னு சொன்னார். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

இது என்ன கடிதம், எதற்கு என்று உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு முதல் ஒரு வருடம்தான் ரொம்ப ஆபத்தான காலம் என்கிறார் டாக்டர். அதனால் மாதம் ஒரு கடிதம். அச்சடிக்கக் கூடாது, கையால் எழுதவேண்டும். நான்கு வரிக்கு மேல் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது, புத்திமதி சொல்லக் கூடாது, பதில் எதிர்பார்க்கக் கூடாது. என் பட்டியலில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். நீங்கள் நூற்றுப் பதினெட்டு.

கடிதமே வேண்டாம் என்றால் ஒரு வரி எழுதுங்கள். நிறுத்திவிடுகிறேன். நான்கு வரி என்று சொல்லிவிட்டு நாற்பது வரி எழுதியதற்கும் சேர்த்து மன்னியுங்கள்.

வார்டு எழுத்தர்

*

மார்ச் 25, சனி

எழுத்தர் அம்மாவுக்கு,

ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். திட்டு வாங்குகிறவர் கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

நிறுத்தச் சொல்லி எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் திங்கள் காலை, உங்களுக்குத் தபாலைப் போட்டுவிட்டு நேராக ஒர்க்‌ஷாப் போனேன். என் மேசை மேல் சாவிக் கொத்து கிடந்தது. இருபத்தாறு கட்டடங்களின் மெஷின் ரூம் சாவி. சோடாபுட்டி பக்கத்தில் நின்றார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்"னு சொன்னார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். போகாமல் நின்றார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தது எனக்குத் தெரியும். மாரடைப்பில் போனதாகச் சொல்வார். அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மாரடைப்பு இல்ல. பத்தொம்பது வருஷமா எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கேன். சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துடுச்சு"ன்னார். பத்தொன்பது வருடத்தில் நான்தான் அவர் உண்மை சொன்ன முதல் ஆள். அதுவும் உங்கள் முத்திரையைப் பார்த்ததால்.

வார்டில் எல்லோரும் ஏன், ஏன் என்று என்னைக் கேட்டார்கள். நானும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். மனைவி போய் மூன்று வருடம், முழங்கால் வலி, தூக்கமில்லாமை, போன வருடம் என் கவனக்குறைவால் ஒரு லிஃப்ட் நின்று ஓர் அம்மா நான்கு மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டது. எல்லாம் உண்டு. எதுவும் தனியாகக் காரணம் இல்லை. ஒரே ஒரு போல்ட் கழன்றிருந்தால் நானே முறுக்கியிருப்பேன்.

ஆனால் உங்கள் கடிதம் என்ன என்பது எனக்குப் புரிகிறது. லிஃப்டுக்குள் சுவரில் ஓர் அட்டை மாட்டியிருப்போம், பார்த்திருப்பீர்கள். மாதாமாதம் மெக்கானிக் வந்து பார்த்து, தேதி போட்டுக் கையெழுத்து வைக்கவேண்டும். யாராவது புகார் சொன்னால்தான் வருவேன் என்று இருந்தால் அது பராமரிப்பு இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்டைத்தான் போய்ப் பார்க்கவேண்டும். அதைத்தான் நீங்களும் செய்கிறீர்கள், உங்கள் மொழியில்.

நிறுத்த வேண்டாம். வெற்றுக் கவரில் அனுப்புங்கள். ஒர்க்‌ஷாப் முகவரியே போதும்.

லிஃப்ட் மெக்கானிக்

*

ஏப்ரல் 24, திங்கள்

அண்ணே,

இந்த மாதமும் உங்களை நினைத்துக்கொண்டோம். வெயில் ஏறிவிட்டது, மெஷின் ரூம் எல்லாம் மொட்டை மாடியில்தான் இருக்கும் என்று தெரியும். நிழல் கிடைக்கட்டும். பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

நான்காம் வார்டு

பி.கு. நான்கு வரி முடிந்தது. இனி எழுதுவது என் சொந்தக் கணக்கில். பதில் எழுதுகிறவர்களுக்கு நானும் பதில் எழுதலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணே என்று கூப்பிட அவரிடம் அனுமதி கேட்கவில்லை.

உங்கள் அட்டை யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டேன். அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு பெரிய தாளை ஒட்டி, முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் எண் போட்டு, கடிதம் போன தேதி, என் கையெழுத்து. முன்பெல்லாம் முப்பது கவர் எழுதினாலே கை கடுக்கும். இப்போது கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தால் எழுதாமல் வீட்டுக்குப் போக முடியவில்லை.

போன வாரம் சுகாதார அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, இந்தக் கடிதத்தால் என்ன பிரயோஜனம், எண்ணிக்கை காட்டுங்கள் என்று கேட்டார். டாக்டர் அவரை ஜன்னல் பக்கம் கூட்டிப் போய்ச் சாலையைக் காட்டினார். இந்த ஊரில் சாலை விபத்தில் சாகிறவர்களை விட தாங்களே உயிரை விடுகிறவர்கள் அதிகம். சாலைக்கு வேகத்தடை இருக்கிறது, விளக்கு இருக்கிறது, மஞ்சள் கோடு இருக்கிறது, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டு நிற்கிறார். இதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார். வந்தவர் என் மேசையைப் பார்த்தார். நான் பசை டப்பாவை மூடி வைத்தேன்.

ஒரு வருடம் நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

எழுத்தர்

*

ஜூன் 18, ஞாயிறு

தங்கச்சிக்கு,

அண்ணே என்று எழுதினால் தங்கச்சிதான். இதற்கும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மகளிடம் சொல்லிவிட்டேன். மூன்று வாரம் ஒத்திகை பார்த்தேன், சோடாபுட்டியை மகளாக உட்கார வைத்து. அவர் நடிக்கத் தெரியாமல் ஒவ்வொரு தடவையும் முதலிலேயே அழுதுவிடுவார். கடைசியில் போன ஞாயிறு, மேல்மாடி ஏறிப் போய், வெளியூருக்கு லிஃப்ட் மாட்டப் போகவில்லை என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் சொன்னாள்: "தெரியும்ப்பா. உங்க டூல் பை வீட்டுலயேதான் இருந்துது. டூல் பை இல்லாம நீங்க எந்த ஊருக்கு வேலைக்குப் போயிருக்கீங்க? கேட்க பயமா இருந்துது. கேட்டா ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடுமோன்னு."

ஐந்து மாதம் தங்கச்சி. ஒரே கட்டடத்தில் நான் சொல்லப் பயந்து, அவள் கேட்கப் பயந்து, நடுவில் படிக்கட்டு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மாத்திரை வாங்க வந்தபோது இதை டாக்டரிடம் சொன்னேன். கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வராது, கேட்டால் பாரம்தான் குறையும் என்றார். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். உடனே கேட்டுவிட்டாள், மாப்பிள்ளை முன்னாலேயே: "இப்பவும் அந்த நினைப்பு வருதாப்பா?"

"வருது. முன்ன குடியிருக்க வந்துது. இப்ப எட்டிப் பார்த்துட்டுப் போகுது"ன்னேன்.

இப்போது ஒரு நாளைக்கு ஆறு தடவை போன் பண்ணுகிறாள். லிஃப்டுக்கே மாதம் ஒரு தடவைதான்டி என்றால் கேட்பதில்லை. வீட்டில் இருக்கக் கூடாத சாமான்களை எல்லாம் அவளும் மாப்பிள்ளையும் மேலே எடுத்துப் போய்ப் பூட்டிவிட்டார்கள். என் மாத்திரையைக் கூட ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும்தான் எண்ணித் தருகிறாள். முதலில் கோபம் வந்தது. பிறகு, நானே ஓடும் லிஃப்டுக்கு நான்கு பிரேக் வைக்கிறவன்தானே என்று விட்டுவிட்டேன்.

சாலைக்குத் திரும்பிவிட்டேன். அதாவது ஒர்க்‌ஷாப் மேசை வேலை முடிந்து, பழையபடி கட்டடம் கட்டடமாகப் போகிறேன்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 12, சனி

தங்கச்சிக்கு,

ஜூலை மாதக் கடிதம் வரவில்லை. உன்னை நினைத்துக்கொண்டோம், நானும் சோடாபுட்டியும். நாட்கள் உனக்கு இலகுவாகப் போகட்டும். பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

எந்த நேரத்திலும் கூப்பிடலாம். எண் கீழே இருக்கிறது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடும் எண்தான், கட்டாயம் யாராவது எடுப்பார்கள்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 17, வியாழன்

அண்ணே,

நான்கு வரியைப் படித்துவிட்டு வார்டு பாத்ரூமில் போய் அழுதேன். கேள்வி கேட்காமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நீங்கள் ஒரு கேள்விக்குறி கூடப் போடவில்லை.

பட்டியலில் இருநூற்று நான்கு. ஓர் அம்மா, தையல் டீச்சர். ஜூலை மாதம் நடுவில் இறந்துபோனார். வார்டில் இருந்த நாட்களில் என் சட்டையில் அறுந்த பொத்தானைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே தைத்துக் கொடுத்தவர். அவர் கணவர் நேரில் வந்தார். நான் அனுப்பிய ஐந்து கடிதங்களையும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தார். அந்த அம்மா எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தாராம். கணவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். டப்பாவை மேசை மேல் வைத்துவிட்டு, "உங்களுக்குத்தான் சொந்தம்னு தோணுச்சு"ன்னு சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எழுத முடியவில்லை. உங்களை நினைத்துக்கொண்டோம் என்று எழுத ஆரம்பித்தால் கை நிற்கிறது. நினைத்து என்ன ஆயிற்று? அலமாரித் தாளில் ஜூலைக் கட்டம் பாதிக்கு மேல் காலி. டாக்டர் பொறுமையாகத்தான் இருக்கிறார். எண்ணிக்கை மோசமில்லை, மற்ற வருடங்களை விட இந்த வருடம் திரும்ப வார்டுக்கு வந்தவர்கள் குறைவு, ஆனால் இப்போதே கொண்டாடக் கூடாது, சின்னக் கணக்கு இது என்கிறார். எனக்கு எண்ணிக்கை மண்டையில் ஏறவில்லை. பொத்தான்தான் கண்ணில் நிற்கிறது. அட்மிஷன் கவுன்டருக்கே மாற்றிவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வருகிற புதனுக்குள் முடிவு சொல்லவேண்டும். நான் போனால் இதை எழுத வேறு ஆள் இல்லை. கடிதம் நின்றுவிடும்.

விதியை மீறி உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். பொய் சொல்லாமல் பதில் சொல்லுங்கள். நான்கு வரிக் கடிதத்தால் யாருக்காவது ஏதாவது ஆகுமா?

தங்கச்சி

*

ஆகஸ்ட் 20, ஞாயிறு

தங்கச்சி,

புதனுக்குள் உன் கையில் கிடைக்கவேண்டும் என்பதால் இதை மாப்பிள்ளையிடம் கொடுத்து நேரிலேயே அனுப்புகிறேன்.

அந்த டீச்சர் அம்மா விஷயத்தில் உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கடிதத்தால் ஐந்து மாதம் கூட இருந்தார் என்று நான் அளந்துவிடலாம். எனக்குத் தெரியாது, அதனால் சொல்ல மாட்டேன். எல்லாப் பரிசோதனையும் ஒழுங்காக முடித்த லிஃப்ட் அறுந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று அழுதேன். மறுநாள் அடுத்த கட்டடத்துக்குப் போனேன். அங்கேயும் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

என் விஷயம் எனக்குத் தெரியும். அதைச் சொல்கிறேன். மகளுக்கும் டாக்டருக்கும் சொல்லிவிட்டேன், உனக்கு மட்டும் சொல்லவில்லை. வெட்கம்.

மார்ச் நான்காம் தேதி சனிக்கிழமை. சாவிக் கொத்தை ஒப்படைக்கப் போனேன் என்று எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மெக்கானிக் சாவியை ஒப்படைப்பது வேலையை விட்டுப் போகும்போதுதான். நான் வேலையை விடவில்லை. மேசையைத் துடைத்து வைத்திருந்தேன். டூல்களை எண்ணெய் போட்டு அடுக்கியிருந்தேன். திரும்பி வருகிற உத்தேசம் எனக்கு இல்லை. சோடாபுட்டிக்கு அது அப்போதே உறுத்தியிருக்கிறது. அவர் தம்பி போவதற்கு முதல் நாள் தன் சைக்கிளை அவரிடம் கொடுத்திருக்கிறான், நீயே வைத்துக்கொள் என்று. அதனால்தான் சாவியைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்.

நான் சாவியை நீட்டினேன், அவர் உன் கவரை நீட்டினார். அந்த ஊதா முத்திரை. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, தங்கச்சி, மாதக்கணக்கில் எனக்கு எதுவுமே வரவில்லை. பசி வரவில்லை, அழுகை வரவில்லை. அன்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து சட்டை கூடக் கழற்றாமல் உட்கார்ந்து எழுதினேன். தபால் நிலையம் மூடிவிட்டது. யாரையாவது அனுப்பிப் போடச் சொல்லலாம் என்றால் விஷயம் வெளியே போய்விடும். என் கையால்தான் பதிவுத் தபாலில் போடவேண்டும். அப்படியென்றால் திங்கட்கிழமை வரை நான் இருந்தாகவேண்டும்.

ஞாயிறு முழுவதும் அதைத் திருத்தினேன். மூன்று தடவை எழுதினேன். உனக்கு வந்தது நாகரிகமான பிரதி. திங்கள் காலை வரிசையில் நின்றேன். ஒப்புகை அட்டை திரும்ப ஒரு வாரம் ஆகும் என்றான் கவுன்டர்காரன். யாரைத் திட்டினேன் என்று தெரியாமல் போவதா, கையெழுத்தைப் பார்த்துவிடலாம் என்று இன்னும் ஒரு வாரம். அதற்குள் சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பிறகு நீ மன்னிப்புக் கேட்டு எழுதினாய். பதில் போடாவிட்டால் மரியாதை இல்லை. இப்படித்தான் தங்கச்சி, ஒவ்வொரு தபாலாக ஆகஸ்ட் வரை வந்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். நீ மறக்காமல் எழுதினாய், தப்பாக முத்திரை குத்தினாய், நான் இருக்கிறேன். அதற்காக மறுபடியும் எல்லாக் கவரிலும் குத்திவிடாதே.

அட்மிஷன் கவுன்டருக்குப் போவதென்றால் போ, உன்மேல் எனக்குக் கோபமில்லை. உனக்கும் உடம்பு, மனசு இருக்கிறது. ஆனால் ஒன்று. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை ஒரே ஆள் பார்ப்பது எந்தக் கம்பெனியிலும் கிடையாது. எங்களிடம் ஒருவனுக்கு இருபத்தாறு கட்டடம், அதற்கே நாக்குத் தள்ளுகிறது. டாக்டரிடம் இன்னும் இரண்டு பேர் கேள். நீ கேட்காவிட்டால் நான் கேட்டு எழுதுவேன்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 28, திங்கள்

அண்ணே,

இந்த மாதமும் உங்களை நினைத்துக்கொண்டோம். மாப்பிள்ளை கொண்டுவந்த கடிதம் டீச்சர் அம்மாவின் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமையே டாக்டரிடம் இன்னும் இரண்டு பேர் கேட்டேன், இப்போதைக்கு ஒருவரைத் தந்திருக்கிறார்கள். ஜூலைக் கட்டங்களை எல்லாம் நிரப்பிவிட்டோம்.

நான்கு வரி ஆகிவிட்டது. மற்றவர்களுக்கு எழுதியதுபோல், பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை என்று உங்களுக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் எழுதியே ஆகவேண்டும். மாதம் தவறினால் திட்டி எழுதுவேன், பதிவுத் தபாலில்.

தங்கச்சி